ஆயில் ஃபில்டர் மாற்றும்போது எண்ணெய் சிந்தாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் (குடியிருப்புகளிலும்) வீட்டு வாசலிலேயே காருக்கு மினியாக் ஹீத்தாம் (இஞ்சின் எண்ணெய்) மாற்றுகிறவர்கள் பலர். எண்ணெயை வடிப்பதில் யாருக்கும் பெரிய சிரமமில்லை. ஃபில்டரைக் கழற்றும் இரண்டு நிமிடத்தில்தான் கை, தரை, புகைக்குழாய் எல்லாம் கறுத்துப்போகின்றன. பெரோடுவாவின் மைவி, அக்சியா, பெஸ்ஸா, புரோட்டோனின் சாகா போன்ற சிறிய கார்களை மனதில் வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறோம். திருகிக் கழற்றும் டப்பா ஃபில்டர் உள்ள எந்தக் காருக்கும் இது பொருந்தும்.

எண்ணெயை முழுக்க வடித்துவிட்டேன். அப்புறமும் ஃபில்டரைத் திறந்தால் ஏன் இவ்வளவு கொட்டுகிறது?

நீங்கள் வடித்தது இஞ்சினின் அடித்தொட்டியில் இருந்த எண்ணெய். ஃபில்டருக்குள் இருப்பது தனிக் கணக்கு. சிறிய கார் ஃபில்டரில் சுமார் 150 முதல் 250 மி.லி. வரை நிற்கும், அதாவது ஒரு கிளாஸ் தே தாரிக் (பால் தேநீர்) அளவு.

அது ஏன் தானாக இறங்குவதில்லை என்பதைப் புது ஃபில்டரின் வாயைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். நடுவில் மரை போட்ட பெரிய துளை. அதைச் சுற்றி வட்டமாகச் சின்னத் துளைகள். அந்தச் சின்னத் துளைகளுக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்திலோ கறுப்பாகவோ ஒரு ரப்பர் மடல் தெரியும். தீக்குச்சியால் மெல்ல அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் திரும்பி வந்து துளையை மூடிக்கொள்ளும். இஞ்சின் ஓடும்போது எண்ணெய் சின்னத் துளைகள் வழியாக நுழைந்து, காகித மடிப்பைக் கடந்து, நடுத்துளை வழியாக வெளியேறுகிறது. இஞ்சின் நின்றதும் மடல் மூடிக்கொள்ளும். மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எண்ணெய் மேலே போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

இதோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. பானத்தில் விட்ட ஸ்ட்ராவின் மேல் நுனியை விரலால் மூடித் தூக்கினால் பானம் உள்ளேயே நிற்குமே, ஃபில்டரிலும் அப்படித்தான். காற்று நுழையும்வரை எண்ணெய் அசையாது. ரப்பர் வளையத்தின் பிடி விட்டதும் காற்று உள்ளே போகிறது, எண்ணெய் விளிம்பு வழியாக வழிந்து, டப்பாவின் பக்கவாட்டில் இறங்கி, உங்கள் மணிக்கட்டைத் தாண்டி முழங்கைவரை ஓடுகிறது. ஆகவே ஃபில்டரைப் பிடித்துக் கழற்றும் முன்பே கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு, எண்ணெயை நாம் வைத்த பாத்திரத்தில் இறக்கிவிட வேண்டும். கீழே சொல்லும் முறைகள் எல்லாம் இதைச் செய்யத்தான்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஃபில்டர் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். டப்பாவின் அடிப்பாகம் தரையைப் பார்த்துத் தொங்கினால் வேலை சுலபம். படுக்கையாக நீட்டிக்கொண்டிருந்தால் பாதி எண்ணெய் சிந்தத்தான் பார்க்கும், அதற்கு வழி அமைக்க வேண்டும். இஞ்சின் மேலே கவிழ்த்து வைத்தது போல நிற்கும் கார்களும் உண்டு. அடுத்து, ஃபில்டருக்கு நேர் கீழே என்ன இருக்கிறது? சட்டத்தின் குறுக்குப் பட்டையா, புகைக்குழாயா, வயரா, பெல்ட்டா? டார்ச் அடித்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டால் அரை மணி நேரத் துடைப்பு மிச்சம்.

காரை எப்படித் தூக்குவது? வாசல் மண் தரை.

மண் தரையில் ஜேக் சாயும். அதன் அடியில் குறைந்தது ஒரு அங்குலக் கனமுள்ள பலகை வேண்டும். ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது. ஜேக் ஸ்டாண்டு இரண்டு வைத்து, அவற்றின் அடியிலும் பலகை போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் இழுத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். செங்கல்லும் ஓட்டைக் கல்லும் ஸ்டாண்டுக்கு ஈடாகாது. எடை ஒரு முனையில் விழுந்தால் அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். மழை பெய்து ஊறிய தரையில் இந்த வேலையே வேண்டாம். நம் பக்கம் மழை பெரும்பாலும் மாலையில் வருவதால் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

இஞ்சின் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்?

கடைத்தெருவரை ஒருமுறை போய்வந்த சூடு போதும். அணைத்துவிட்டு 20 முதல் 30 நிமிடம் காத்திருங்கள். நம் ஊர் வெயிலில் எண்ணெய் எப்போதும் இளகியே இருக்கும், கொதிக்கக் கொதிக்க வடிக்கத் தேவையில்லை. கொதிக்கும் எண்ணெய் நீர் போல ஓடி அதிக தூரம் தெறிக்கும், கையையும் சுடும். பக்கத்தில் புகைக்குழாய் சூடாக இருந்தால், எண்ணெய் பிடிக்கக் கீழே சொல்லும் பிளாஸ்டிக் பை அதில் ஒட்டி உருகும். ஃபில்டரை வெறுங்கையால் பத்து விநாடி பிடித்திருக்க முடிந்தால் தொடங்கலாம்.

முதலில் டிரெய்ன் நட்டா, ஃபில்டரா?

டிரெய்ன் நட்டு, அதாவது அடித்தொட்டியில் உள்ள வடிநட்டு. அடித்தொட்டி வடிந்து, நட்டைத் திரும்பப் போட்டு இறுக்கிய பிறகு ஃபில்டருக்கு வாருங்கள். அப்போது எண்ணெய் பிடிக்கும் பேசின் ஒரே இடத்தைக் கவனித்தால் போதும். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் ஒரு பக்கம் பேசினை இழுக்கும்போது மறுபக்கம் தரையில் சொட்டும். நட்டை உடனே போட்டுவிடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. வடிநட்டை மறந்து புது எண்ணெயை ஊற்றி, 3 லிட்டரும் நேராக மண்ணில் போகும் விபத்து நடக்காது.

நட்டைக் கழற்றும்போதே எண்ணெய் பீய்ச்சி அடிக்கிறதே?

முதல் சில விநாடிகள்தான் மோசம். நட்டு பக்கவாட்டைப் பார்த்திருந்தால் எண்ணெய் நேர் கீழே விழாது, ஒரு சாண் தள்ளி வளைந்து விழும். தொட்டியில் மட்டம் குறையக் குறைய அந்த வளைவு உள்ளே இழுத்துக்கொண்டு வந்து, கடைசியில் தொட்டியின் அடிப்பக்கத்தை ஒட்டிச் சொட்டும். பேசினை ஆரம்பத்தில் தள்ளி வைத்து, பிறகு உள்ளே நகர்த்த வேண்டும். அகலம் குறைந்தது 40 செ.மீ. இருந்தால் நகர்த்தும் வேலையும் குறையும். அடியில் பிரித்த அட்டைப்பெட்டி, அதன் மேல் பழைய பத்திரிகை.

தொடங்கும்போது மேலே எண்ணெய் ஊற்றும் மூடியும் டிப்ஸ்டிக்கும் மூடியே இருக்கட்டும். காற்று எளிதில் நுழையாததால் ஓட்டம் சற்று அடங்கி வரும். பாய்ச்சல் பேசினுக்குள் சரியாக விழுகிறது என்று தெரிந்ததும் மூடியைத் திறந்துவிடுங்கள், விரைவாக வடியும்.

நட்டின் அளவு பெரோடுவாக்களில் பெரும்பாலும் 14 மி.மீ., பழைய புரோட்டோன்களில் பெரும்பாலும் 17 மி.மீ. ஸ்பேனரால் பிடியை மட்டும் விட்டு, மீதியை விரலால் திருகுங்கள். திருகும்போது நட்டை உள்ளே அழுத்திக்கொண்டே இருந்தால் கடைசி மரைவரை எண்ணெய் கசியாது. மரை முடிந்தது விரலுக்குத் தெரியும். அப்போது சட்டென்று பக்கவாட்டில் இழுத்துவிட வேண்டும். நட்டு பேசினில் விழுந்தால் கையை விட்டுத் தேட வேண்டாம், பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டி இறக்கினால் வந்துவிடும்.

கனமான ஓட்டம் நின்றபின் மூன்று நான்கு விநாடிக்கு ஒரு சொட்டு என்று ஆகும்வரை விடுங்கள். துளையைச் சுற்றித் துடைத்து, வாஷரை மாற்றி, நட்டைக் கையால் முழுக்கத் திருகிய பிறகே ஸ்பேனர் வைக்க வேண்டும். மரை குறுக்கே ஏறினால் தொட்டியே போய்விடும்.

தொங்கும் ஃபில்டருக்குப் பிளாஸ்டிக் பை முறை என்கிறார்களே, எப்படி?

சின்ன கார்களுக்கு எங்கள் கணிப்பில் இதுதான் மிகச் சுத்தமான வழி. பையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பாசார் மாலாம் (இரவுச் சந்தை) பை மெல்லியது, ஃபில்டர் நுனியில் உள்ள பட்டைகள் கிழித்துவிடும். 5 கிலோ அரிசி வந்த கனமான பை, அல்லது உரமூட்டையின் உள்ளுறையை வெட்டி அடியில் முடிச்சுப் போட்டது, இரண்டும் நல்லவை. அகலம் 25 செ.மீ. இருந்தால் ஃபில்டர் தாராளமாக உள்ளே போகும். முன்கூட்டியே தண்ணீர் ஊற்றி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஃபில்டர் ஸ்பேனரால் பிடியை மட்டும் விடுங்கள், கால் சுற்று போதும். இனி கையாலேயே திரும்பும் என்று தெரிந்ததும் ஸ்பேனரை எடுத்துவிடுங்கள். பேசினை நேர் கீழே வையுங்கள். இப்போது விரலால் இன்னொரு கால் சுற்று, விளிம்பில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தோன்றும்வரை. அங்கேயே நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் எழுந்து போய்விடுங்கள். காற்று நுழைந்து, மேலே இஞ்சினின் எண்ணெய் வழியில் நிற்கும் எண்ணெய் டப்பாவின் உடலோடு வழிந்து அடியில் ஒரே முனையாகச் சொட்டும். அவசரப்படுகிறவர்களுக்கு இந்தப் பத்து நிமிடம்தான் வருவதில்லை. பலரும் கறை வாங்குவது இங்கேதான்.

சொட்டு குறைந்ததும் பையைக் கீழிருந்து மேலே ஏற்றி, ஃபில்டர் முழுவதையும் மூடி, பை வாயை இஞ்சின் பக்கம்வரை கொண்டுபோய் ஒரு கையால் அணைத்துப் பிடியுங்கள். மறுகையால் பைக்கு வெளியிலிருந்தே ஃபில்டரைப் பிடித்துத் திருகுங்கள். மரை விட்டதும் ஃபில்டர் பைக்குள் இறங்கும், வாய் மேலே பார்த்தபடி. பையை இறக்கும் முன் இன்னும் பதினைந்து விநாடி அங்கேயே பிடித்திருந்தால் மேலிருந்து வரும் மிச்சமும் பைக்குள்ளேயே விழும்.

என் ஃபில்டர் படுக்கையாக இருக்கிறது, கீழே குறுக்குப் பட்டை. எண்ணெய் அதன் மேல் விழுந்து மூன்று நாள் சொட்டுகிறது.

இதற்கு வாய்க்கால் கட்ட வேண்டும். சமையலறை அலுமினியத் தாளை நான்காக மடித்தால் கையால் வளைக்கவும் முடியும், வளைத்த வடிவத்திலேயே நிற்கவும் செய்யும். ஒரு முனையை ஃபில்டர் இஞ்சினில் சேரும் விளிம்புக்கு அடியில் செருகி, இரண்டு ஓரத்தையும் அரை அங்குலம் மேலே மடித்து, மறுமுனை பட்டையைத் தாண்டிப் பேசினுக்கு மேல் வரும்படி சரிவாக விடுங்கள். சரிவு குறைந்தால் எண்ணெய் தாளின் அடிப்பக்கம் ஒட்டித் திரும்பி ஓடும். ஆகவே நுனியைக் கூராக மடித்துக் கீழே வளைத்துவிடுங்கள், சொட்டு அங்கே பிரிந்து விழும்.

5 கிலோ சமையல் எண்ணெய்ப் போத்தலை நீளவாக்கில் வெட்டினால் கிடைக்கும் பாதித் தொட்டியும் நன்றாக உதவும். இடம் இருந்தால் அதுவே உறுதியானது. மிக இடுக்கான இடத்தில் மட்டும் பட்டையின் மேல் பழைய துணியைத் திணித்து வையுங்கள். ஆனால் துணி ஒரு கிளாஸ் எண்ணெயைத் தாங்காது, அது இரண்டாவது காவல் மட்டுமே.

ரப்பர் தோட்டத்துப் பழைய பால் கப் ஒன்றிரண்டு வீட்டில் கிடந்தால் எடுத்துவையுங்கள். கழற்றிய பிறகு இஞ்சின் வாயிலிருந்து வரும் கடைசிச் சொட்டுகளுக்கு அடியில் வைக்க அதன் அளவு கச்சிதம்.

ஃபில்டரில் ஓட்டை போட்டு முதலில் வடித்துவிடலாமா?

செய்யலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் ஃபில்டர் கால் சுற்று நகர்கிறதா என்று பார்த்து, மீண்டும் கையால் இறுக்குங்கள். நகராத ஃபில்டரில் ஓட்டை போட்டுவிட்டால் காரைப் பட்டறைக்குக்கூட ஓட்டிப்போக முடியாது.

தொங்கும் ஃபில்டரில் அடியில் ஒன்று, மேல் ஓரத்தில் ஒன்று என இரண்டு ஓட்டை. கீழ் ஓட்டை மட்டும் போட்டால் காற்று போக வழியில்லாமல் எண்ணெய் விக்கி விக்கித்தான் வரும். மேலே உள்ளது காற்றுக்கு. படுக்கை ஃபில்டரில் முனையின் தாழ்ந்த ஓரத்தில் ஒன்று, உயர்ந்த ஓரத்தில் ஒன்று. கவிழ்ந்து நிற்கும் ஃபில்டரில் உச்சியில் ஒன்றே போதும், எண்ணெய் இஞ்சினுக்குள்ளேயே மெல்லத் திரும்பிப் போகும், பத்து இருபது நிமிடம் பிடிக்கும். துளையிடும் கூரான உளியும் (பஞ்ச்) சிறு சுத்தியலும் போதுமானவை. தகரத் தூள் உள்ளே விழுந்தாலும் அந்த ஃபில்டரோடு போய்விடும். தொங்கும் ஃபில்டருக்குப் பை முறையே போதும் என்பது எங்கள் எண்ணம். ஓட்டை முறை படுத்ததற்கும் கவிழ்ந்ததற்கும்.

ஃபில்டர் அசையவே மாட்டேன் என்கிறது. ஸ்குரூடிரைவரைக் குத்தித் திருப்பட்டுமா?

வேண்டாம். டப்பா மெல்லிய தகரம். ஸ்குரூடிரைவர் அதைக் கிழித்துக்கொண்டு சுற்றும், எண்ணெய் எல்லாப் பக்கமும் கொட்டும், ஃபில்டர் அப்படியே நிற்கும்.

இப்படி இறுகக் காரணம் பெரும்பாலும் போன தடவை மாட்டியவர் வளையத்துக்கு எண்ணெய் தடவாமல், ஸ்பேனர் வைத்து ஓங்கி இறுக்கியதுதான். தொப்பி வடிவ ஸ்பேனர் சரியான அளவில் இருந்தால் பத்தில் ஒன்பது ஃபில்டர் வந்துவிடும். சிறிய டொயோட்டா, பெரோடுவா ஃபில்டர்கள் பலவற்றுக்குச் சுமார் 65 மி.மீ., 14 பட்டை. வாங்கும் முன் உங்கள் ஃபில்டரை அளந்து பாருங்கள், ஒரு மில்லிமீட்டர் பெரிதானாலும் வழுக்கும். தொப்பி இல்லையென்றால் மூன்று நகம் உள்ள பிடி, அல்லது பெல்ட் வகை. பெல்ட்டை டப்பாவின் நடுவில் வைக்காதீர்கள், நசுங்கிவிடும். இஞ்சினை ஒட்டிய அடிப்பகுதியில் தகரம் கெட்டி, அங்கே பிடியுங்கள். வழுக்கினால் டப்பாவைச் சோப்பு போட்டுத் துடைத்து, இடையில் கரகரப்பான மணல்தாளைக் கொடுங்கள். எந்தப் பக்கம் திருப்புவது என்ற குழப்பம் அடியில் படுத்தால் எல்லாருக்கும் வரும். டப்பாவின் அடியை நேராகப் பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம்.

புது ஃபில்டர் போட்டு ஸ்டார்ட் செய்ததும் எண்ணெய் குழாய் போலக் கொட்டியது. ஏன்?

கிட்டத்தட்ட எப்போதும் ஒரே காரணம்: பழைய ரப்பர் வளையம் இஞ்சினில் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும். அதன் மேல் புது வளையமும் ஏற, இரண்டு ரப்பரும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, அழுத்தம் ஏறியதும் ஒரு பக்கம் பிதுங்கிவிடும். பம்ப் வேலை செய்துகொண்டே இருப்பதால் ஒன்றிரண்டு நிமிடத்தில் தொட்டியே காலியாகும். தரை நாசமாவதைவிட இஞ்சின் வறண்டு போவதுதான் பெரிய இழப்பு.

பழைய ஃபில்டரைக் கழற்றியவுடன் அதன் வாயைப் பாருங்கள். பள்ளத்தில் வளையம் இருக்கிறதா? இல்லையென்றால் அது மேலேதான் இருக்கிறது. கறுப்பு எண்ணெயில் கறுப்பு வளையம் கண்ணுக்குத் தெரியாது. துணியால் துடைத்து விரலை ஒரு முழு வட்டம் ஓட்டுங்கள். உலோகத்தின் வழவழப்பு மட்டுமே கையில் பட வேண்டும்.

கடையில் கொடுத்த ஃபில்டர் வாய் அளவு பொருந்துகிறது, ஆனால் மரை லொடலொடவென்று இருக்கிறது.

போடாதீர்கள். பெரோடுவா, டொயோட்டா சிறிய ஃபில்டர்களின் மரை முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ., அங்குலத்துக்கு 16 சுற்று. மிட்சுபிஷி வழிவந்த பழைய புரோட்டோன், ஹோண்டா, நிசான் ஆகியவற்றுக்கு 20 மி.மீ. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே உருவம். 20 மி.மீ. ஃபில்டரை இஞ்சினில் உள்ள முக்கால் அங்குலக் குழலில் ஏற்றினால் ஏறும், இறுகியதுபோலவும் தோன்றும், ஆனால் மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். ஓடும்போது கழன்று விழக்கூடும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் காரின் பெயரை மட்டும் சொல்லாமல் வருடத்தையும் இஞ்சின் அளவையும் சொல்லுங்கள், முடிந்தால் பழைய டப்பாவின் எண்ணையும் காட்டுங்கள்.

எவ்வளவு இறுக்குவது?

புது வளையத்தில் விரலால் எண்ணெய் தடவி, கையால் திருகுங்கள். வளையம் உலோகத்தைத் தொடும் இடத்தில் கை அதை உணரும். டப்பாவில் ஒரு மார்க்கர் கோடு போட்டு, அங்கிருந்து முக்கால் சுற்று, கையாலேயே. ஃபில்டரின் மேல் வேறு அளவு அச்சடித்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஸ்பேனர் கழற்றுவதற்கு மட்டுமே.

புது ஃபில்டரை எண்ணெய் நிரப்பி மாட்ட வேண்டுமா?

தொங்கும் ஃபில்டரில் பாதி அளவு ஊற்றி, காகிதம் உறிஞ்சியபின் மாட்டலாம். படுக்கை ஃபில்டரில் வேண்டாம், ஊற்றியது முழுக்க வெளியேதான் வரும். நிரப்பாவிட்டால் ஸ்டார்ட் செய்தபின் எண்ணெய் விளக்கு சில விநாடி கூடுதலாக எரியும். அணையும்வரை ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். அவ்வளவுதான்.

புது எண்ணெய் ஊற்றும்போதே இஞ்சின் மேல் வழிகிறது.

4 லிட்டர் டப்பாவை வாய் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி சாய்ப்பதுதான் காரணம். காற்று போக இடமின்றி எண்ணெய் குபுக் குபுக்கென்று துள்ளுகிறது. டப்பாவைத் திருப்பி, வாய் மேல் ஓரத்தில் இருக்கும்படி படுக்கவைத்து ஊற்றுங்கள். வாயின் மேல்பாதி வழியாகக் காற்று நுழைந்துகொண்டே இருக்கும், எண்ணெய் ஒரே பட்டையாக அமைதியாக இறங்கும். 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தலின் மேல்பாதியை வெட்டினால் புனல் தயார்.

சிறிய பெரோடுவாக்களுக்கு ஃபில்டரோடு சேர்த்துச் சுமார் 3 லிட்டர். சரியான அளவு காரின் கையேட்டில் இருக்கும். அதில் 300 மி.லி. குறைத்து ஊற்றி, இஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, பத்து நிமிடம் கழித்துச் சமதரையில் டிப்ஸ்டிக் பார்த்து மீதியைச் சேருங்கள். கூடிப்போனால் மறுபடி நட்டைத் திறந்து வடிக்க வேண்டிவரும்.

எல்லாம் முடிந்தது, மறுநாளும் சொட்டுகிறது. கசிவா, மிச்சமா?

வேலை முடிந்ததும் ஃபில்டர், நட்டு, பட்டை எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் துடைத்து, இரவு அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து வைத்தால் பதில் கிடைக்கும். மிச்சமாக இருந்தால் சொட்டு பழைய கறுப்பு நிறம், நாளுக்கு நாள் குறையும். கசிவாக இருந்தால் தேன் நிறத்துப் புது எண்ணெய், குறையாது. ஃபில்டர் விளிம்பைச் சுற்றிப் புது எண்ணெய் ஈரம் தெரிந்தால் வளையத்தைச் சந்தேகியுங்கள், நட்டின் நுனியில் தொங்கினால் வாஷரை.

புகைக்குழாயில் பட்ட எண்ணெயை விட்டுவைக்க வேண்டாம். சூடேறியதும் புகையும், தீப்பிடிக்கும் வாய்ப்பும் உண்டு. இஞ்சின் ஆறியிருக்கும்போது பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, அது முழுக்க உலர்ந்தபின் ஸ்டார்ட் செய்யுங்கள். பெல்ட்டிலும் இஞ்சின் மவுண்டிங் ரப்பரிலும் பட்டதையும் அப்போதே துடைத்துவிடுங்கள், எண்ணெயில் ஊறிய ரப்பர் உப்பி இளகும்.

சிமெண்டுத் தரையில் கொட்டிவிட்டது.

தண்ணீர் அடிக்காதீர்கள், பரவத்தான் செய்யும். முதலில் மரத்தூள், இல்லையென்றால் உலர்ந்த மணல். விரல் கனத்துக்குப் போட்டு, செருப்புக்காலால் மிதித்து அழுத்தி, ஒரு மணி நேரம் விட்டு அள்ளுங்கள். மீண்டும் ஒருமுறை போடுங்கள். அதன் பிறகு துணி துவைக்கும் தூளைக் கறைமேல் கொட்டி, கொஞ்சம் சுடுதண்ணீர் தெளித்துக் குழம்பாக்கி, கடின பிரஷால் தேய்த்து, அரை மணி நேரம் ஊறவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். அந்த நுரையையும் மணலால் உறிஞ்சி அள்ளுங்கள். மண் தரை என்றால் கறுத்த மண்ணை மண்வெட்டியால் சுரண்டிப் பையில் போடுவது ஒன்றே வழி.

கைக்கு எந்த உறை நல்லது?

நைட்ரைல். இயற்கை ரப்பர் உறை கனிம எண்ணெயில் உப்பி மென்மையாகிக் கிழிந்துவிடும். ரப்பர் மரத்தோடு வாழ்ந்த ஊரில் சொல்லக் கொஞ்சம் சங்கடமாக இருந்தாலும் அதுதான் உண்மை. பழைய எண்ணெய் தோலுக்குக் கெடுதல், அடிக்கடி பட விடக்கூடாது. பட்டுவிட்டால் பெட்ரோலால் கழுவ வேண்டாம். கொஞ்சம் சமையல் எண்ணெய் விட்டுத் தேய்த்துத் துடைத்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்போடு ஒரு கரண்டி சீனி சேர்த்துத் தேயுங்கள். நகக்கண்வரை போகும்.

பழைய எண்ணெயை என்ன செய்வது? வேலிக் கம்பத்துக்குப் பூசலாம், புல்லுக்கு ஊற்றலாம் என்கிறார்களே?

புது எண்ணெய் வந்த டப்பாவிலேயே புனல் வைத்து ஊற்றி, மூடியை இறுக்கி, பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்களிடம் பழைய எண்ணெய்க்கென்று டிரம் இருக்கும், உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்துப்போவார்கள். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வந்த 2005ஆம் ஆண்டு விதிமுறைகளில் பழைய மசகெண்ணெய்க்கு எஸ்டபிள்யூ 305 என்றும், அது பட்ட துணி, ஃபில்டர் ஆகியவற்றுக்கு எஸ்டபிள்யூ 410 என்றும் எண் உண்டு. இரண்டும் அட்டவணையில் சேர்த்த அபாயக் கழிவுகள். அந்த எண்ணெயில் தண்ணீர், பிரேக் ஆயில், பெட்ரோல் எதையும் கலந்துவிடாதீர்கள், கலந்தால் வாங்கமாட்டார்கள்.

வேலிக் கம்பத்துக்குப் பூசியது மழையில் கழுவிக் கீரைப்பாத்திக்கு இறங்கும். லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றியது ஓடை வழியாகப் பேராக் ஆறுவரை போகும், அந்த ஆற்றிலிருந்து குடிதண்ணீர் எடுக்கிறார்கள். சொறி பிடித்த நாய்க்கு மினியாக் ஹீத்தாம் பூசும் பழக்கமும் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். நாய் அதை நக்கும், தோலும் புண்ணாகும், சொறிக்கு முறையான மருந்து கால்நடை மருத்துவரிடம் இருக்கிறது.

பழைய ஃபில்டரை?

பையோடு குப்பையில் போட்டால் லோரி அழுத்தும்போது தெருவெல்லாம் வழியும். அடியில் ஓட்டை போட்டு, வாய் கீழே பார்த்தபடி புனலில் கவிழ்த்து, ஓர் இரவு முழுக்க வடியவிடுங்கள். வடிந்தது டப்பாவில் சேரட்டும். ஃபில்டரையும் அதே பட்டறையில் கொடுத்துவிடலாம்.

மோட்டார் சைக்கிளுக்கும் இதே முறைதானா?

ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற கப்சாய்களில் (சிறிய மோட்டார் சைக்கிள்களில்) டப்பா ஃபில்டரே இல்லை. முக்கால் லிட்டர் அளவுதான், நட்டைத் திறந்து வடித்தால் முடிந்தது. காகித ஃபில்டர் மூடிக்குள் இருக்கும் வண்டிகளில் மூடியின் கீழ் ஸ்குரூவைக் கடைசியில் எடுங்கள். மேல் ஸ்குரூக்களைத் தளர்த்தியதும் மூடியின் கீழ் விளிம்பில் எண்ணெய் கசியத் தொடங்கும், அங்கே அலுமினியத் தாள் வாய்க்காலைச் செருகி வைத்திருந்தால் புகைக்குழாயில் படாது.